ஒறிஜினல் பொட்டு

என் மனுசனிடம் ஒரு கார் இருக்கிறது. ஓடாத கார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஓடும், ஆனால் ஓட்டமாட்டார். ஓட்டினால் அடிப்பக்கத்தில் தூசி படுமாம். தொழிற்சாலையை விட்டு இறங்கிய அன்று அங்கே தூசி இருந்திருக்காதாம். ஆகவே அது பிரெஞ்சுத் தலைநகரில், லாச்சப்பலில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு தனி அறையில் நிற்கிறது. நாலாம் மாடியில் நாங்கள் ஐந்து பேர் இரண்டு அறைக்குள் இருக்கிறோம்.

அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் செய்த கார். இரண்டே கதவு, எட்டுச் சிலிண்டர், எங்கள் சமையல் குசினியைவிட நீளமான முன்பக்கம். இந்த இனத்தை மசில் கார் என்பார்கள் என்று முதல்நாள் நெஞ்சை நிமிர்த்தி விளக்கினார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிவரச் சொன்னால் இரண்டாம் மாடியிலேயே இடுப்பில் நாரி பிடித்துக்கொள்ளும் ஆளுக்கு மசில் கார் கேட்கிறது.

அவர் லா கூர்னெவில் ஒரு கராஜில் மெக்கானிக். பழைய முதலாளி ஓய்வு பெற்றபோது பின்வளவில் கிடந்த துருக்குவியலைக் காட்டி, வேண்டுமென்றால் எடுத்துக்கொள் என்றார். மூளையுள்ளவன் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பான். இவர் அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு ஏழு வருடம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இருக்கவில்லை.

பழைய காரைத் திருத்துவது என்றால் நல்லதாக்குவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, நல்லதாக்கினால் பிழை. தொழிற்சாலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும், அங்கே விட்ட பிழை உட்பட. அமெரிக்காவில் எவனோ ஒருவன் நித்திரைக் கலக்கத்தில் ஒரு ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டியிருக்கிறான். என் மனுசன் அடிமட்டம் வைத்து அளந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதே கோணலில் ஒட்டினார். பின்சில்லுக்கு மேலே பெயின்ற் ஒரு துளி வழிந்திருந்ததாம். அந்த வழிசலைச் செய்ய மூன்று ஞாயிறு எடுத்தது. முதலாவது வழிசல் தடிப்பாக வந்தது, இரண்டாவது கட்டையாகப் போயிற்று. மூன்றாவது சரிவந்த அன்று புரியாணி வாங்கிக்கொண்டு வந்தார்.

நான் துப்புரவு செய்யும் அலுவலகத்தில் கண்ணாடியில் ஒரு கோடு விட்டால் மேற்பார்வைக்காரி படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புவாள். அமெரிக்காக்காரன் விட்ட கோட்டுக்கு இங்கே பூசை நடக்கிறது.

இவரும் முன்பு இப்படி இல்லை. ஊரில் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடவைத்தவர். சைக்கிள் ரியூப்பை வெட்டி வோஷர் போட்டவர். கையில் கிடைத்ததை வைத்து எதையும் ஓடவைக்கிற அந்தக் கெட்டித்தனத்தைப் பார்த்துத்தான் நான் கலியாணத்துக்கு ஓம் என்று தலையாட்டினேன். அதே மனுசன், ஒரு போல்ட்டின் தலையில் இருக்கவேண்டிய எழுத்து மாறியிருக்கிறது என்று இரண்டு மாதம் சோறு இறங்காமல் திரிந்தார்.

"உமக்கு விளங்காது," என்பார். "எஞ்சினிலை இருக்கிற நம்பரும் காரின்ரை இரும்புச் சட்டத்திலை இருக்கிற நம்பரும் ஒண்டாய் இருக்கோணும். அப்பத்தான் அது ஒறிஜினல்."

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப உங்கட பிறந்த திகதி?" என்று கேட்டேன். இந்த நாட்டுக்கு வந்து முதன்முதல் விண்ணப்பம் நிரப்பிய அன்று பயத்தில் தம்பியின் பிறந்த திகதியைச் சொல்லிவிட்டவர் இவர். பிறகு மாற்றப் போனால் சிக்கல் என்று அப்படியே விட்டாயிற்று. காகிதத்தில் என்னைவிட எட்டு மாதம் இளையவர். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

இந்தக் கட்டடத்தைத் துப்புரவாக்குவது நான்தான். விடியப் படிகளும் குப்பை அறையும் நிலக்கீழ்த் தளமும். பிறகு மெட்ரோ பிடித்து இரண்டு அலுவலகம். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. எங்களுக்குக் கீழே கதவு போட்ட அந்த அறை கிடைத்ததும் அதனால்தான், இவருடைய மசிலால் அல்ல. என் விரல்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போனமுறை வதிவிட அட்டை புதுப்பிக்கப் போனபோது கைரேகை எடுக்கும் இயந்திரம் என் விரல்களைப் பிடிக்கவில்லை. ஜவெல் என்கிற வெளுப்புத் தண்ணீரும் துப்புரவு மருந்தும் ரேகையைத் தின்றுவிட்டன. கவுண்டரில் இருந்த பெண் நல்லவள். கடதாசியால் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னாள். "மறுபடியும், மதாம்," என்று எத்தனை தடவை சொன்னாள் என்று எண்ணவில்லை. எனக்கு எல்லார் முன்னாலும் திருடி போல நிற்கிற மாதிரி இருந்தது. என் மனுசன் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார், கைபேசியில் அந்த போல்ட்டைத் தேடிக்கொண்டு.

இனி அந்தக் காரில் இருந்த ஒரு குறிக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் ஒவ்வொரு காரையும் பார்த்து முடித்தவன், பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளமாகப் பெயின்ற்றைத் தொட்டு ஒரு பொட்டு வைப்பானாம். அப்படிப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் இருக்கும். துரு எல்லாவற்றையும் தின்றுவிட்டது. இவர் புத்தகத்தைப் பார்த்துத் திரும்ப வைத்தார். ஒன்று மட்டும் தப்பியிருந்தது. எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரில், மேல்விளிம்புக்குக் கீழே, மஞ்சளாக ஒரு பொட்டும் அதன் நடுவில் சிவப்பாக ஒரு தீற்றும். அந்தத் துண்டுத் தகட்டுக்கு மட்டும் இவர் புதிதாகப் பெயின்ற் அடிக்கவில்லை. சுற்றிவரக் கடதாசி ஒட்டிக் காப்பாற்றினார். மற்றதெல்லாம் தேடி வாங்கினது, செய்தது. அது மட்டும் காரோடு வந்தது.

கூசேன்விலில் இருந்து வந்த அவருடைய அத்தான், அத்தானின் சிநேகிதர், தண்ணீர்க்குழாய் திருத்த வந்தவன், எல்லாரையும் கீழே கூட்டிப்போய் டோர்ச் அடித்துக் காட்டினார். நான் மட்டும் பார்க்கவில்லை. பார்க்க வரச் சொன்னபோதெல்லாம் அடுப்பில் ஏதாவது இருந்தது. உண்மையைச் சொன்னால், வீம்புதான்.

பழைய அமெரிக்கக் கார்களுக்கென்று இங்கே ஒரு சங்கம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பரிசோதகர் ஞாயிறு காலை வருவதாகக் கடிதம் வந்தது. அவர் ஒப்பினால் கார் முதல்தரம் என்று சான்றிதழ். தொழிற்சாலை வைத்த குறி ஒன்றாவது கைபடாமல் இருந்தால்தான் அந்தத் தரம். இல்லாவிட்டால் ஏழு வருடமும் போய், திருத்தின பழைய கார் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கடிதத்தை இவர் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

சனிக்கிழமை நான் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். என்னதான் வாய் கிழியப் பேசினாலும், மனுசன் சாப்பிடாமல் கிடந்தால் எனக்குத் தாங்காது. அர்ச்சனை செய்து, சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு நேரே கீழே போனேன். காருக்குப் பொட்டு வைக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். "எலுமிச்சங்காயிலை அசிட் இருக்கு, சந்தனம் பெயின்ற்றிலை கறை பிடிக்கும், ஒண்டையும் தொடாதையும்," என்று முன்பே சொல்லியிருந்தார். அவர் அப்போது கராஜில் நின்றார். சரி, ஒருவர் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து வைப்போம் என்று முன்மூடியைத் தூக்கி, எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டேன். பிள்ளையாருக்குத் தெரிந்தால் போதும்தானே.

அங்கே ஊத்தை. காய்ந்த கடுகுச் சோஸ் மாதிரி ஏதோ அப்பிக்கிடந்தது. இவ்வளவு பளபளப்புக்கும் நடுவில் இதைக் கவனிக்கவில்லையே, நாளைக்கு வருகிறவன் கண்டால் மானம் போகுமே என்று நினைத்தேன். ஊத்தையைக் கண்டால் என் கை சும்மா இராது. துணியில் கறுப்புச் சவர்க்காரம் தொட்டு நாலு தேய், வந்துவிட்டது. துடைத்த இடத்தில் சந்தனத்தை மோதிரவிரலால் அழுத்தி வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். கும்பிட்டுவிட்டு மூடியைச் சாத்தினேன். வீட்டுக்கு வந்து துணியை ஜவெல் போட்டுத் தோய்த்தேன்.

ஞாயிறு காலை பரிசோதகர் வந்தார். ஒல்லியான பிரெஞ்சுக் கிழவர், வெள்ளைக் கையுறை, தடியில் பொருத்திய சின்னக் கண்ணாடி, கோப்பு. காரின் எந்தப் பகுதியையும் தொடக்கூடாது என்பது அவர்களுடைய விதியாம். நான் கோப்பித் தட்டோடு வாசலில் நின்றேன். கோணல் ஸ்டிக்கரைக் கண்டு தலையை ஆட்டினார். வழிசலைக் கண்டு "பிரமாதம்" என்றார். போல்ட்டின் தலையைப் பார்த்து என் மனுசனின் தோளில் தட்டினார். பைத்தியம் இரண்டு சந்தித்துக்கொண்டால் எவ்வளவு சந்தோசம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"இனி அந்தக் குறி," என்றார் கிழவர்.

என் மனுசன் எஞ்சினுக்குப் பின்னால் டோர்ச்சை நீட்டினார். மேல்விளிம்புக்குக் கீழே என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. மஞ்சள் பொட்டு. நடுவில் சிவப்பு.  சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். ஏழு வருடத்தில் அந்த மனுசன் விலைக்கு வாங்காத ஒரே பொருளை நாலு தேயில் வழித்தெடுத்திருக்கிறேன். ஓடிப்போய் மூடியைச் சாத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். 

அதற்குள் என் மனுசன் குனிந்தார். மூக்கு ஒருமுறை சுருங்கியது.  நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கோப்பியைப் பார்த்தேன்.

கிழவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். மூச்சை இழுத்துக் கண்ணை மூடி, "ஆ! அந்தக் காலத்துப் பெயின்ற்றின் மணமே வேறு," என்றார். நீங்கள் அனுப்பிய படத்தில் மங்கலாக இருந்தது, நேரில் என்ன பிரகாசம், கைபேசிப் படங்களை நம்பவே கூடாது என்றார். பிறகு என்னையும் கிட்ட வரச் சொன்னார்.

"பாருங்கள், மதாம். போலிக்காரர்கள் தூரிகையால் வைப்பார்கள். இது விரலால் வைத்தது. ஆனால் ரேகை இல்லை, கவனித்தீர்களா? மழுங்கிய விரல். எத்தனையோ வருடம் எண்ணெயிலும் சவர்க்காரத்திலும் ஊறித் தேய்ந்த விரல். ஒரு உண்மையான தொழிலாளியின் விரல். இதை யாராலும் போலியாகச் செய்யமுடியாது."

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். ஆணையாகச் சொல்கிறேன், கழற்றினார். இருபத்திரண்டு வருடமாக இந்த நகரத்தில் படி துடைக்கிறேன், எனக்கு ஒருவரும் தொப்பி கழற்றியதில்லை. 

"இது தொழிற்சாலைக் குறிதானே, மெசியு?" என்று கிழவர் சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

ஏழு வருடமாக ஒரு போல்ட் எழுத்துக்குக்கூடப் பொய் சொல்லாத என் மனுசன் எச்சிலை விழுங்கினார். "வுய், மெசியு. ஒறிஜினல்."

சான்றிதழைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கோப்பியையும் குடித்துவிட்டுக் கிழவர் போனார். இவர் சக்கர முக்காலியில் அப்படியே குந்தினார்.

"ஊத்தை எண்டு நினைச்சனப்பா," என்றேன்.

"சந்தனம் மணக்கேக்கையே தெரியும்." பிறகு, "துடைச்ச துணி எங்கை?" என்று கேட்டார். அதில் ஏதாவது ஒட்டியிருக்கும் என்று நினைத்திருக்கிறார், பாவம்.

"ஜவெல் போட்டுத் தோய்ச்சுப்போட்டன்."

அழுதுவிட்டார். சத்தமில்லாமல், சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு. எனக்கு உயிரே போனது போல இருந்தது. பக்கத்தில் போய்க் குந்தி அவருடைய முதுகைத் தடவினேன். தடவத் தடவ எனக்குள் வேறொன்று கிளம்பியது. காய்ந்த கடுகு அளவு பெயின்ற்றுக்கு இவ்வளவு கண்ணீர்.

"அந்தக் கிழவர் விரலைப் பற்றிச் சொன்னது கேட்டதே?" என்றேன்.

அவர் தலையைத் தூக்கினார். யோசித்தார். பிறகு என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பி, டோர்ச்சை அடித்தார். ஸ்டிக்கர் ஒரு மயிரளவு சரிந்தாலும் பிடிக்கிற கண் அது. ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டு வந்து மோதிரவிரலில் நின்றது. தன் பெருவிரலால் அதைத் தடவிப் பார்த்தார்.

"இது எப்ப இப்பிடித் தேய்ஞ்சது?" என்றார்.

"நீங்கள் அந்த போல்ட் தேடின காலத்திலை," என்றேன்.