கட்டுமரம் கரையேறும் முன் பவுனு வைத்த ஒப்பாரி

கருவாடு காயும் வாசனையும், படக் கம்பெனிக்காரர்களின் பவுடர் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறிய காலை அது. எழுபதுகளின் கடைசி. திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரை.

அன்று கரையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.
நான்.
என் தங்கை பவுனு.
பக்கத்து வீட்டு ராசாத்தி.
பவுனுக்குப் பரிசம் போட்டிருந்த ஆறுமுகத்தின் அம்மா, அஞ்சலை அத்தை.
கொட்டகையில் கிழிந்த வலையோடு உட்கார்ந்திருந்த கோவிந்தன் தாத்தா.
வெள்ளைத் தொப்பி போட்ட டைரக்டர், மேக்கப் போடும் கமலாக்கா, கேமராக்காரர் இரண்டு பேர்.

எங்கள் அம்மா இல்லை. மீன் கூடையோடு காரைக்காலுக்கு பஸ் ஏறியிருந்தாள். அப்பா நாங்கள் சிறுசாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். மற்ற ஆண்கள் எல்லாரும் விடியுமுன்னே தொழிலுக்குப் போய்விட்டார்கள். எங்கள் பக்கம் தொழில் என்றால் கடல்தான்.

டைரக்டர் கேட்டது சின்ன விஷயம். கதையில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் பெண்டாட்டி கரையில் விழுந்து அழ வேண்டும். கதாநாயகிக்கு ஒப்பாரி வரவில்லையாம். ஊர்ப் பெண் ஒருத்தி அழுதால் தூரத்தில் வைத்துப் படம் பிடித்துக்கொள்வார்களாம்.

முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரரு கடல்ல இருக்காங்க. அவங்க கரையேறாம நான் எப்புடிங்க ஒப்பாரி வைப்பேன்?" என்றேன்.

ராசாத்தி காதைப் பொத்திக்கொண்டாள். "நீங்க நல்லா இருப்பீங்க, வேற ஊரு பாருங்க சாமி!"

மரங்கள் கரையேறும் மதியம் வரை பொறுக்க முடியாது, காலை வெளிச்சம் போய்விடும் என்றார் டைரக்டர். பவுனு என் முந்தானையை இழுத்தாள்.

"அக்கா... நான் அழவா?"

நான் சொன்னதை மறைக்க மாட்டேன். "தாலி ஏறுற வரைக்கும் உனக்குக் கடல்ல யாருடி இருக்கா? போ" என்றேன். அஞ்சலை அத்தை முறைத்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பவுனு மணலில் விழுந்தாள். அவள் குரல் அப்படி இருக்கும் என்று கூடப் பிறந்த எனக்கே தெரியாது. கோவிந்தன் தாத்தா வலையைப் போட்டுவிட்டு, "எந்த மரம்டி? யாருடி போனது?" என்று ஓடி வந்தார். கேமராவைப் பார்த்ததும் காறித் துப்பிவிட்டுத் திரும்பிப் போனார்.

மதியம் எல்லாக் கட்டுமரமும் கரையேறியது. ஆறுமுகம் போன மரம் மட்டும் வரவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு வந்தது. ஆட்களுக்கு ஒரு கீறல் இல்லை. பாய் கிழிந்துவிட்டது, நீரோட்டம் தெற்கே இழுத்துவிட்டது என்றான் ஆறுமுகம். ஆனால் அந்த ஒரு நாளில் அஞ்சலை அத்தை பாதியாகிப் போயிருந்தாள். நேராக எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"எம்மவன் உசுரோட இருக்கையிலயே ஒப்பாரி வச்சவ எனக்கு மருமவளா வர வேணாம்!"

பரிசம் முறிந்தது. ஊரும் அவள் பக்கம். பவுனு தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு கமலாக்கா கொடுத்துவிட்டுப் போன விலாசத்தை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறினாள்.

அங்கே அவளுக்கு வேறு பெயர் வைத்தார்கள். எனக்கு அவள் பவுனுதான். கிளிசரின் வேண்டாத பொண்ணு என்று பேர் வாங்கினாள். இருபத்தைந்து வயது ஆகுமுன்னே தலையில் வெள்ளை பூசி, தன்னைவிட மூத்த கதாநாயகனுக்கு அம்மாவாக நடித்தாள். எத்தனை படத்தில் தாலி அறுத்தாளோ கணக்கில்லை. நிஜத்தில் அவள் கழுத்தில் தாலி ஏறவே இல்லை. ஒரே ஒரு படத்தில் வாயாடி மாமியார் வேஷம். காரைக்கால் கொட்டகையில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கும் அந்தப் படம்தான் பிடிக்கும்.

எண்பதுகளில் அம்மா இறந்தாள். பவுனு வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்தவள் வாயே திறக்கவில்லை. பெரிய நடிகை ஆகிவிட்டாள், அழுகை வரவில்லை என்று குசுகுசுத்தார்கள்.

என் காதில் மட்டும் சொன்னாள். "மரமெல்லாம் கடல்ல கெடக்குக்கா... நான் அழுதா ஏதாச்சும் சொல்லுவாங்க."

அஞ்சலை அத்தைக்கு என்ன தோன்றியதோ, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "பெத்தவளுக்கு அழாம யாருக்குடி அழப்போற? அழு!" அப்புறம்தான் பவுனு அழுதாள். அன்றோடு அத்தையை நான் மன்னித்துவிட்டேன். அவள் பயந்து பேசியவள்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது.

பவுனு பஸ் ஏறி இரண்டு மாதம் கழித்து, நாகப்பட்டினம் மீன் ஏலத்தில் ஒரு வியாபாரிப் பெண் என்னிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அன்று ஆறுமுகத்தின் பாயும் கிழியவில்லை, நீரோட்டமும் இழுக்கவில்லை. நல்ல மீன்பாடு கிடைத்து அங்கேயே கரையேறி மீனைக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியே கொட்டகையில் போய்ப் படம் பார்த்துவிட்டு, அவன் மாமன் வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள்.

ஆறுமுகத்தைக் கரையில் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா எந்தங்கச்சி ஊர விட்டுப் போயிருப்பாளா?"

"அம்மா வையும்க்கா..." என்று தலையைச் சொறிந்தான்.

அவ்வளவுதான். அம்மா வையும்.

அன்றைக்குப் பவுனு நிழல் படக்கூடாது என்றவர்கள் வீட்டிலெல்லாம் இன்று அவளோடு எடுத்த போட்டோ மாட்டியிருக்கிறது. போன வருஷம் வந்தபோது செல்போனைத் தூக்கிக்கொண்டு தெருவே பின்னால் ஓடியது. டிவியில் அவள் பழைய படம் வந்தால், "நான் கட்டிக்கிட வேண்டிய பொண்ணு" என்று பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒருத்தன் காட்டுகிறானாம். அவன் வீட்டு விசேஷத்துக்கு நான் இன்றுவரை போனதில்லை.

ஊரை மன்னித்துவிட்டேன். டைரக்டரையும் மன்னித்துவிட்டேன். போ என்று சொன்ன என்னைக்கூட ஒரு மாதிரி மன்னித்துக்கொண்டேன்.

ஆறுமுகத்தை மன்னிக்கவில்லை.