ஸ்பீக்கர் மேல் வைத்த கை

இன்று சாயங்காலம் கீரமங்கலம் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மா, "வெள்ளக்காரங்க இசை வரலாறு நடத்துற டீச்சர் நீங்கதானங்க? நான் நித்யாவோட அம்மா" என்றார்.

நித்யா என் பதினொன்றாம் வகுப்பு மாணவி. "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சில பெற்றோர் புகார் சொன்னதில், வகுப்பையே நிறுத்திவிடலாமா என்று தலைமையாசிரியர் யோசித்துக்கொண்டிருக்கிறார். இவரும் புகாரோடுதான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"காது கேக்காமப் போன பெறகும் இசை எழுதுனவரப் பத்தி நேத்து நடத்துனீங்களாம்ல? எங்க வீட்டுக்காரவுகளுக்கும் மில்லு சத்தத்துல காது போயிருச்சுங்க. நித்யா அந்த இசையப் போட்டுட்டு, அவுக கையப் பிடிச்சு ஸ்பீக்கர் மேல வச்சுட்டா. முடியிற வரைக்கும் கைய எடுக்கவே இல்லங்க."

பஸ்ஸில் எழுந்து நின்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு.

"இத எங்க தலைமையாசிரியர்கிட்டயும் சொல்றீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரவுகளே நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாராக. அடுத்து யாரப் பத்தி நடத்தப் போறீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாக."

அடுத்த பாடத்துக்கு நான் வைத்திருந்தது பூப்போன்ற பியானோ இசை. அதைத் தள்ளிவைத்துவிட்டேன்.

நண்பர்களே, ஸ்பீக்கர் நன்றாக அதிரும் சிம்பொனி எது? சீக்கிரம் சொல்லுங்கள். பியானோ ரசிகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.