அப்பாவின் மூக்கு, அப்பாவின் கிட்னி

எண்பதுகளின் நடுவில், திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறை வாசலில் எனக்கு வேலை. உள்ளே படம் பார்ப்பது டாக்டர், வெளியே பத்துப் பேர் நடுவில் "ஒண்ணுக்கு முட்டுதாங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்பது நான். இப்படி வெட்கத்தை விட்டுப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நாலு டம்ளர் தண்ணீர்

அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஒரு அம்மாவை, மூத்திரப்பை நிறைந்தால்தான் படம் தெளிவாகத் தெரியும் என்று, நாலு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்தேன். அன்றைக்கென்று டாக்டர் வர முக்கால் மணி தாமதம். அந்த அம்மா எழுந்திருக்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு உட்கார வைத்தேன்.

"குடி குடின்றீங்க, எழுந்தா போவாதன்றீங்க. எங்க மாமியாரே தேவலங்க."

அப்பா ஜாடை

கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவர் கிட்னி கெட்டு இறந்துபோனார். இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக நீர்க்கட்டிகள். இது பரம்பரையாக வருவது, ஆணோ பெண்ணோ ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, எல்லோரையும் கூட்டி வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விவசாயியின் மனைவி மகன் ஏழுமலையை மட்டும் கூட்டி வந்தார். மகள் எங்கே என்று கேட்டேன்.

"அது என்னை உரிச்சி வெச்சிருக்குதுங்க. இவன்தான் அவங்கப்பா ஜாடை. மூக்கைப் பாருங்க."

பழகாத மெஷின்

ஏழுமலைக்கு முப்பத்தைந்து வயது. டாக்டர் இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தார். ஒரு கட்டி கூட இல்லை, இந்த வயதுக்கு மேல் வர வாய்ப்பு ரொம்பக் கம்மி என்றார். அம்மா சாமியைக் கும்பிட்டார். அப்புறம் மகனின் மூக்கைப் பார்த்ததும் மறுபடி சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னொரு வாட்டி பாருங்க சார். மெஷினு புதுசு, இன்னும் பழகியிருக்காது."

மகள் பங்கு

அடுத்த வாரமே ஏழுமலை தங்கை வள்ளியை அழைத்து வந்தான். அவளுக்கு ஒரு வருஷமாகத் தலைவலி. பிரஷர் பார்த்தால் ஜாஸ்தி. ஸ்கேனில் இரண்டு கிட்னியிலும் கட்டிகள். கூட வந்திருந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

உப்பைக் குறைத்து, மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, பிரஷரைக் கட்டுக்குள் வைத்தால் இன்னும் பல வருஷம் நன்றாக ஓட்டலாம் என்று டாக்டர் தைரியம் சொன்னார். வள்ளி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும் அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

"நெலம் பூரா உனக்கு எழுதி வெச்சாலும், பரவால்லண்ணா, அப்பா என்னையும் மறக்கல."

அடுத்தவர் வயிற்றைக் காட்டத்தான் அந்த மெஷின் என்று நினைத்திருந்தேன். நிலத்தில் பங்கு கொடுக்காமல் கட்டிக்கொடுத்த தங்கச்சி ஒருத்தி எனக்கும் இருப்பது அந்த நேரம் பார்த்துத்தான் ஞாபகம் வந்து தொலைத்தது.