அத்தான் வாசித்த ஆற்றங்கரை

நான் நேரிற் கண்டவை, காதாற் கேட்டவை, பின்னர் சென்று சரிபார்த்தவை ஆகியன தவிர வேறெதுவும் இங்கே இராது. ஊகத்தை எழுதேன், அழகுக்காக ஒரு சொல்லையும் சேர்க்கேன். இவ்விதியை ஒருமுறை என் அத்தான்மீது, எல்லோர் முன்னிலையிலும் செலுத்தியிருக்கிறேன். எனக்கு மட்டும் அதிலிருந்து விலக்களிப்பது முறையன்று.

அத்தான் என் அக்காவின் கணவர். இலண்டனுக்கு வருமுன் ஏழாண்டுகள் ஜெர்மனியில், ரைன் நதியோரத்துப் பழைய நகரொன்றின் படகுத்துறைப் பகுதியில் அகதியாக வாழ்ந்தவர். அங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். எங்கள் குடும்பம் அவரைப் பற்றி அறிந்தது இவ்வளவே. அறிய விரும்பியதும் இவ்வளவே.

இலண்டனில், கோலியர்ஸ் வுட்டிலுள்ள தம் வீட்டில் அறுபதாம் பிறந்தநாள் கொண்டாடியபோது, கேக்கை வெட்டிய கையோடு சட்டைப்பையிலிருந்து நான்கு தாள்களை எடுத்தார். தாம் வாழ்ந்த அந்தப் படகுத்துறைப் பகுதியின் வரலாற்றைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"நான் அங்க கோப்பை மட்டும் கழுவேல்லை. ஒருக்காக் கேளுங்கோ. கேட்டுட்டு நம்புங்கோ. எனக்கு வேற பரிசு வேண்டாம்" என்றார்.

முதல் தாளில் வெள்ளம் இருந்தது. ஆறு ஏறிய உயரத்தை வீட்டுச் சுவரில் கோடாக வெட்டி, அருகே ஆண்டையும் பொறிப்பார்களாம். பழங்காலத்தில் நீரோட்டத்துக்கு எதிராகக் கப்பல்களைக் கரையிலிருந்து குதிரைகள் இழுத்தனவாம்.

"பொறும் மச்சான்" என்று இடைமறித்தார் என் அண்ணை. "கப்பலுக்குக் குதிரை பூட்டினவை எண்டால், வண்டிலை ஆத்தில விட்டவையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனார். கிறித்தவர்களின் தவக்காலத்துக்கு முந்திய வியாழக்கிழமை அத்தெருக்கள் பெண்களின் ஆட்சிக்குள் வந்துவிடும். கத்தரிக்கோலோடு திரிந்து, எதிர்ப்படும் ஆண்களின் கழுத்துப்பட்டிகளை வெட்டுவார்கள் என்று வாசித்தார். பின் தாளிலிருந்து கண்ணை எடுத்து, "என்ர ரையையும் வெட்டினவை" என்றார்.

"கோப்பை கழுவின உமக்கு ரை என்னத்துக்கு?" என்றார் அண்ணை.

"அண்டைக்கெண்டு முதலாளியம்மா தந்தவ. நீயும் இந்தத் தெருக்காரன்தானே, வெட்டுறதுக்கு உன்னட்டையும் ஒண்டு இருக்கவேணும் எண்டு சொன்னவ."

"தந்திட்டு வெட்டினவவோ! ரையோட நிப்பாட்டினாவே, அது உம்மட நல்ல காலம்."

அறை அதிர்ந்தது. அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தான் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் படிச்சனீர். நீர் சொல்லும். இப்பிடி ஒரு வழக்கம் இருக்கோ, இல்லையோ?"

அவ்வழக்கத்தின் படமொன்றைச் செய்தித்தாளில் நான் முன்பே கண்டிருந்தேன். ஆயினும், "நான் சரிபாக்கேல்லை, அத்தான். சரிபாக்காததுக்கு ஓம் சொல்ல ஏலாது" என்றேன்.

அண்ணை கைதட்டினார். "தீர்ப்பு வந்திட்டுது. சோத்தைப் போடுங்கோ."

அத்தான் தாள்களை மடித்தார். உண்டு முடித்ததும் அண்ணை தம் எச்சிற் கோப்பையை அவரிடம் நீட்டி, "பழகின கை" என்றார். அத்தான் அதை வாங்கிக் கழுவினார். நான் கூறிய வாக்கியத்தில் ஒரு குற்றமும் இல்லை. வீடு திரும்பும் வழியில் அதன் செம்மை எனக்கு மகிழ்ச்சியும் தந்தது.

சென்ற மாசியில் அத்தான் வாழ்ந்த அந்நகருக்குப் போனேன். ஆற்றங்கரை வீடொன்றின் சுவரில் வெள்ளக் கோடுகள் இருந்தன. மிக உயர்ந்தது என் தலைக்கு மேலே நின்றது. கப்பலிழுத்த குதிரைகளைப் பற்றிக் கரையோரத்துப் பலகையொன்றில் படத்துடன் எழுதியிருந்தார்கள். அன்று அந்த வியாழக்கிழமை. நரைத்த பெண்ணொருத்தி என்னை நிறுத்தி, கழுத்தைப் பார்த்து, வெட்ட ஒன்றும் இல்லை என்று கண்டு கைவிரித்துப் போனாள். நான் கழுத்துப்பட்டி அணிந்திருக்கவில்லை.

திரும்பியதும் அத்தானிடம் சென்றேன்.

"போய்ப் பாத்தனான், அத்தான். நீங்கள் சொன்னதெல்லாம் சரி."

"அது எனக்குத் தெரியும், தம்பி. நான் அங்க இருந்தனான். அண்ணைக்குச் சொன்னீரோ?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை."

அவர் தலையாட்டினார். அந்தத் தாள்களைத் தந்தால் திருத்தி அச்சிடலாம் என்றேன்.

"பழைய பேப்பரோட போட்டிட்டன். அடுத்த நாளே குப்பை எடுக்கிற கவுன்சில்காரர் அள்ளிக்கொண்டு போட்டினம்."

"திரும்ப எழுதலாமே?"

"ஆருக்கு?"

முதலிரு தாள்களில் இருந்தவற்றை நான் கேட்டவாறே மேலே எழுதியிருக்கிறேன். மூன்றாம், நான்காம் தாள்களில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியாது. அக்காவும் அறியாள். அத்தானிடம் இருமுறை கேட்டேன், அவர் சொல்லவில்லை.