என் தம்பி போட்ட லக்கில் இரண்டு பள்ளம் இருக்கும்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். விருத்தாசலத்தில் பீங்கான் மண் சுமந்து, இன்று மூன்று சூளைக்குச் சொந்தக்காரன். என் மூன்று சூளைக்கும் கரண்டு கொடுத்த கை என் தம்பியின் கை. இருந்தவரை ‘வாடா போடா’ என்றேன். முதல் வருஷ நினைவு நாளுக்கு அடிக்கும் இந்த நோட்டீசில் ‘அவர்’ என்றே போடச் சொல்லியிருக்கிறேன்.

நல்லூரில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, என்னோடு இந்த ஊருக்கு வந்து வயரிங் கற்றார் தம்பி. கரண்டில் எரியும் சூளைக்கு உயிர், வயர் முனையில் மாட்டும் லக் என்கிற உலோகக் குழல். வயர் எந்தத் தடிமனோ அந்த அளவு லக். செம்பு வயருக்குச் செம்பு லக். ஓட்டை சிறிதாக இருந்தால் வயரில் நாலு கம்பிப் பிரியை வெட்டி நுழைப்பவர்கள் உண்டு. தம்பி பஸ் ஏறிப் போய்ச் சரியான லக்கை வாங்கி வருவார். கருவியால் இரண்டு இடத்தில் பள்ளம் விழ அழுத்துவார். பிறகு துண்டைச் சுற்றி, பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்ப்பார்.

தம்பியின் மைத்துனருடைய பொம்மைப் பட்டறையை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய புதுச் சூளைக்கு வயரிங் தம்பிதான். கடைசி வயருக்கு மட்டும் அளவான லக் இல்லை.

“நாளைக்கு வாங்கியாந்து போடறேன். அதுவரைக்கும் சூளைய ஆன் பண்ணாதீங்க மச்சான்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

மைத்துனருக்குப் பொறுக்கவில்லை. அன்றே சூளையைப் போட்டார். பாதிச் சூட்டில் வயர் முனை தீய்ந்து, அடுக்கிய பொம்மை எல்லாம் வெடித்துப் போனது. டீக்கடையில் நின்று சொன்னார்: “தங்கச்சி புருஷனாச்சேன்னு குடுத்தேன். லக்கு போடத் தெரியாதவன் எனக்குச் சூளை போட்டான்!”

அதன் பிறகு தம்பியை எந்தப் பட்டறையும் கூப்பிடவில்லை.

நான் நேரே மைத்துனர் பட்டறைக்குப் போய், குப்பையில் கிடந்த அந்த லக்கை எடுத்து வந்தேன். சுத்தியால் அடித்து நசுக்கியிருந்தது. உள்ளே பாதிப் பிரி வெட்டியிருந்தது.

“என் கை இல்லண்ணே இது.”

“வாடா, கடைத்தெருவுல வச்சே கேக்கறேன்.”

“வாணாண்ணே. அவளுக்குப் பொறந்த வூடு. நான் இருக்கற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது.”

யார் பேச்சும் கேட்காத நான் அதைக் கேட்டேன். மஞ்சள் காமாலையில் தம்பி போனார். மாலையோடு வந்த மைத்துனர், பாடைக்குப் பக்கத்திலேயே, “நல்ல மனுஷன், கைதான் சரியில்ல” என்றார். அப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வருஷம் திரும்பிவிட்டது. இதை எழுதி முதலில் தம்பி மனைவியிடம் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒரு எழுத்தும் கொறைக்காம போடுங்க மாமா” என்றார்.

ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், இன்று வந்திருக்கும் சொந்தங்களுக்கும் கைகூப்புகிறேன். படத்துக்கு முன்னால் தட்டில் இரண்டு லக் வைத்திருக்கிறேன். ஒன்றில் இரண்டு பள்ளம். இன்னொன்றில் சுத்தி அடி. பார்த்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

மைத்துனருக்கும் இலை போட்டிருக்கிறது. அந்தச் சுத்தி யாருடையது என்று சபையில் சொல்லிவிட்டு உட்காரட்டும். அதுவரை அந்த இலையில் சோறு விழாது.