பொட்டு வைக்க ஓர் இடம்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்நாளில் வந்திருந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தம்பியாகிய என்னிடம் கொடுத்தார்கள். நான் பணிக்காலம் முழுவதும் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவன். அழகாக எழுத வராது, நடந்ததை நடந்தபடி எழுத வரும். அக்காவுக்கும் அதுதான் பிடிக்கும். "குணக்குன்று", "பாசத்தின் இருப்பிடம்" என்றெல்லாம் அச்சிட்ட மலர்கள் வீட்டுக்கு வரும்போது புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஆளு என்ன வேல பாத்தாருன்னு ஒரு வரிகூட இல்லியே" என்பார். ஆகவே இதில் பெரும்பாலும் அக்கா பார்த்த வேலையைப் பற்றித்தான் இருக்கும். அதோடு, பல ஆண்டுகளாக நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றும் இருக்கும்.

அக்கா பிறந்தது மேல்பட்டாம்பாக்கத்தில். அப்பாவுக்குக் கொஞ்சம் கரும்புக் கொல்லை இருந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சைக்கிள் டைனமோவைக் கழற்றிப் பார்த்தவர் அக்கா. திரும்ப மாட்டினார், ஆனால் விளக்கு எரியவில்லை. அப்பா அன்றைக்கே, "இந்தப் பொண்ணு கையில ஸ்க்ரூ டிரைவரக் குடுக்காதீங்க, ஊரையே கழட்டிடும்" என்று சொல்லிவிட்டார். சொன்னாரே தவிர, இயந்திரப் பொறியியல் படிக்கச் சிதம்பரத்துக்கு அனுப்பியதும் அவர்தான். அந்த வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். படிப்பு பாதியில் இருக்கும்போது அப்பா போய்விட்டார். அக்கா பதினாறாம் நாள் முடிந்து மறுநாளே பஸ் ஏறி வகுப்புக்குப் போனார். கல்நெஞ்சக்காரி என்று சில உறவினர்கள் பேசினார்கள். அதைப் பேசியவர்கள் சிலர் இந்த மலரையும் படிப்பார்கள் என்பதால் இதோடு விடுகிறேன்.

படிப்பு முடிந்ததும் சென்னையில் மோட்டார் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம், "யாரும் சரியா ஃபிட் ஆவல" என்று சிரிக்காமல் சொல்வார். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது வேலையை விட்டுவிட்டுக் கடலூர் முதுநகரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா காலமான பிறகும் சென்னைக்குத் திரும்பவில்லை.

அதற்குக் காரணம் படகுகள். ஒரு புயலுக்குப் பிறகு துறைமுகத்துப் பக்கம் உடைந்த ஃபைபர் படகுகளை வரிசையாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். உடைந்த இடத்தில் ஃபைபர் துணி ஒட்டி, ரெசின் பூசி, காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். உப்புத்தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தால் ஒரு படகுக்கே வாரக்கணக்காகும் என்று, இரும்பு வெட்டுகிற கிரைண்டரில் உப்புத்தாள் வட்டை மாட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அது பள்ளம் பறிக்கும். கிளம்புகிற தூசி உடம்பில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு, முகத்தில் பனியனைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தவர்களில் சேகர் என்ற மீனவரும் ஒருவர். கடலுக்குப் போகாத நாளில் படகு பழுது பார்ப்பார். அக்கா நான்கு நாள் தொடர்ந்து போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். ஐந்தாம் நாள் சேகர், "அக்கா, சும்மா நின்னுகினு இருக்கீங்களே, இந்த வாளியயாவது புடிங்க" என்றார். அக்கா வாளியைப் பிடித்தார்.

அந்த மாதமே ஷெட் ஒன்றை வாடகைக்கு எடுத்துவிட்டார். படகின் வளைவுக்கு ஏற்ற, தூசியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் தேய்ப்பு மிஷின் ஒன்றைச் செய்வது என்று முடிவு. அது எப்படி வேலை செய்கிறது என்பதை எனக்கு அவர் சொன்ன மாதிரியே சொல்கிறேன். மோட்டாரின் அச்சும் தட்டின் நடுவும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. ஒரு பச்சரிசி நீளம் தள்ளி இருக்க வேண்டும். அப்போது தட்டு சுற்றுகிறபோதே சின்னச் சின்ன வட்டமாக ஆடவும் செய்யும். சந்தனக் கட்டையைக் கல்லில் இழைக்கும்போது கை போகிற போக்கு அது. அப்படித் தேய்த்தால் கோடு விழாது. ஆனால் நடுவை விட்டுத் தள்ளிச் சுற்றுகிற எதுவும் அதிரும். அந்த அதிர்வை அடக்க எதிர்ப்பக்கம் எவ்வளவு எடை வைப்பது என்பதில்தான் அக்காவுக்கு ஒன்றரை வருடம் போனது. பத்து நிமிடம் மிஷினைப் பிடித்துத் தேய்த்த கையோடு, தூண்டில் முள்ளின் காதில் நைலான் நரம்பு கோர்க்கச் சொல்லிச் சேகரைச் சோதிப்பார். விரல் மரத்துப்போயிருந்தால் கோர்க்க வராது. "நடுங்குதுக்கா" என்பார் சேகர். அக்கா மிஷினைப் பிரித்து மறுபடி ஆரம்பிப்பார்.

கைப்பிடிக்கு அளவெடுத்த கதையை என் மனைவி இன்னும் மறக்கவில்லை. சப்பாத்திக்குப் பிசைந்து வைத்த மாவைத் தூக்குச்சட்டியோடு கொண்டுபோய், படகுத் துறையில் பதினோரு பேரை இறுகப் பிடிக்கச் சொல்லி அச்செடுத்து வந்துவிட்டார். "அண்ணி, ராத்திரிக்கு என்ன பண்றது?" என்று என் மனைவி கேட்டதற்கு, "தோச ஊத்து" என்றார். பதினோரு கையில் நான்கில் ஏதாவது ஒரு விரல் குட்டை. கயிறும் வலை இழுக்கும் வின்ச்சும் தின்றது. வெளியூர் மிஷின்கள் முழுக் கைக்காகச் செய்தவை என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது.

எல்லாவற்றையும் விட அக்கா பிடிவாதமாக இருந்தது சுவிட்சில். உள்ளங்கை அழுத்திக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் மிஷின் ஓட வேண்டும். "கைய எடுத்தா நிக்கணும். அது நிக்கலன்னா மத்ததெல்லாம் இருந்தும் பிரயோஜனமில்ல" என்பார். கைப்பிடியின் மேல் ஒரு பட்டை, அதற்கடியில் மெல்லிய ஸ்பிரிங், பட்டையைச் சுற்றி நூல் அளவு இடைவெளி. அவ்வளவுதான் அந்தச் சுவிட்ச்.

முதல் ஏழு மிஷின்கள் தயாராகி, சிதம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஒருவர் ஏழையும் எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்ட சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. அக்காவுக்குச் சாமியிடம் சண்டையும் இல்லை, நெருக்கமும் இல்லை. ஷெட்டில் பூஜை செய்தவன் நான்தான். வாழையிலையில் ஏழையும் வரிசையாக வைத்தேன். சேகர் பக்கத்தில் நின்று சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். ஸ்கூட்டருக்கு ஹெட்லைட்டில் வைப்போம், தையல் மிஷினுக்குச் சக்கரத்தில் வைப்போம். எது முக்கியமோ அதற்குத்தான் பொட்டு. இந்த மிஷினில் எது முக்கியம் என்று அக்கா வாயால் நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஆகவே உடம்பில் ஒன்று, கைப்பிடியில் ஒன்று, சுவிட்சின் மேல் நன்றாகக் குழைத்து ஒன்று. ஏழுக்கும் மும்மூன்று வைத்தேன். பக்தி அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துச் சேகர் முதல் மிஷினை எடுத்துக் கவிழ்த்த படகின் மேல் ஓட்டினார். பிறகு கையை எடுத்து மிஷினைப் படகின் மேல் வைத்தார். அது நிற்கவில்லை. ஓடிக்கொண்டே சரிவில் நழுவியது. விழப்போகிறதே என்று இடது கையால் தாவிப் பிடித்தார். மூன்று விரலில் தோல் போயிற்று, ஒரு நகம் அடியோடு போயிற்று.

மாலையில் சேகரின் அம்மா ஷெட்டுக்கு வந்தார். துறைமுகமே கேட்கிற குரல் அது. "படிச்சிட்டா போதுமாம்மா? எம் புள்ள வல புடிச்சிப் பொழைக்கிறவன். உம் மிஷின வுட்டுப் பாக்க எம் புள்ள கைதான் கெடச்சுதா?" என்று கத்தினார். அக்கா, "தப்புதாம்மா. எந் தப்புதான்" என்றார். அந்த அம்மா மண்ணை வாரித் தூற்றினார். நான் அக்காவுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அதற்கு முன்பே மிஷினைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தேன். பட்டை அழுந்தியபடி நின்றது. அதன் இடுக்கில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாள் கழித்து, காலைக் காப்பிக்கு நடுவில் அக்கா கேட்டார்.

"சந்தனம் நீதான வெச்ச?"

"ஆமாக்கா."

"ஒரு மிஷினுக்கு எத்தன எடத்துல?"

"மூணு."

நோட்டை எடுத்து "மூன்று" என்று எழுதிக்கொண்டார். பிறகு, "காப்பி ஆறுது பாரு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஏழு மிஷினையும் பிரித்துப் பார்த்திருந்தார். இரண்டில் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது, மற்றவை இன்றோ நாளையோ ஒட்டியிருக்கும்.

சிதம்பரத்துக் கடைக்காரர் சுலபமான வழி சொன்னார். "பொட்டு வைக்காதீர்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடுங்க மேடம், முடிஞ்சுது." அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "பொட்டு வெக்காம இங்க யாரு மிஷின தொடுவாங்க? வெக்கிறவங்க எங்கியாவது வெக்கத்தான் செய்வாங்க. எடம் குடுக்காதது எந் தப்பு" என்றார். ஏழையும் அனுப்பாமல் நிறுத்திவிட்டார். கடைக்காரர் வேறு கம்பெனி மிஷின்களை வாங்கி அடுக்கிக்கொண்டார். ஷெட் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. அக்கா அந்த வருடம் இளைத்துப்போனார். ஷெட்டை மூடிவிடுவாரோ என்று நான் பயந்தேன். பயந்தேனே தவிர, சேகரின் அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லவில்லை.

புதிய வடிவத்தில் சுவிட்சுக்கு மேல் ரப்பர் உறை வந்தது. உடம்பு முழுவதும் சொரசொரப்பு. முன்பக்கம், கண்ணில் முதலில் படுகிற இடத்தில் மட்டும், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வழவழப்பான சிறு குழி. மிஷின் உடம்புக்கு அச்சு செய்கிற கோயம்புத்தூர்க்காரர் போனில், "இந்தக் குழி எதுக்குங்க மேடம்? பேரு போடறதுக்குங்களா?" என்று கேட்டார். "இல்ல, பொட்டு வெக்க" என்றார் அக்கா. அவர், "சரிங்க மேடம்" என்றார்.

விரல் ஆறியதும் சேகர் தாமாகவே ஷெட்டுக்கு வந்தார். புது மிஷினை ஓட்டிவிட்டு, சொல்லாமலே தூண்டில் முள்ளை எடுத்து நரம்பு கோர்த்துக் காட்டினார். சிதம்பரத்துக் கடைக்காரரும் பிற்பாடு திரும்பி வந்தார். இன்றைக்குக் கடலூர்த் துறைமுகத்திலிருந்து பிச்சாவரம் வரைக்கும் அதை "அக்கா மிஷின்" என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். சொல்லிக்கொடுக்காமலே எல்லோரும் அந்தக் குழியில்தான் பொட்டு வைக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் பாய் ஒருவர் அதில் தம் பெயரின் முதல் எழுத்தை எழுதி வைத்திருந்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார்.

கடைசி எட்டு மாதம் சிறுநீரகக் கோளாறால் சிதம்பரத்தில் சிகிச்சை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் பிடியைத் தடவிப் பார்த்து, "இத டிசைன் பண்ணவன் ஒருநாளும் படுத்துப் பாக்கல" என்றார். வலி என்று சொன்னதைவிட அந்தப் பிடியைக் குறை சொன்னதுதான் அதிகம். ஒரு விடியற்காலையில் அமைதியாக உயிர் பிரிந்தது.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த படகுத் துறை நண்பர்களுக்கும், அக்கா போன பிறகும் ஷெட்டை ஒருநாளும் மூடாமல் நடத்திவரும் தொழிலாளர்களுக்கும், எட்டு மாதமும் இரண்டு ஊருக்கும் அலைந்த என் மனைவிக்கும் எங்கள் நன்றி. சேகருக்குச் சொல்ல வேண்டியது நன்றி மட்டும் அல்ல.

பதினாறாம் நாள் காரியத்தன்று அக்காவின் படத்தைச் சட்டம் போட்டு வாங்கி வந்திருந்தோம். பொட்டு வைக்கச் சந்தனக் கிண்ணத்தைத் தேடினேன். சேகர் எடுத்துப் பிடித்தார். அதே இடது கை, நகமில்லாத விரல். நான் தொட்டு எடுத்தபோது, பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில், "அண்ணா, மூணு எடத்துல வெக்காதீங்க. ஒண்ணு போதும்" என்றார்.

சந்தனம் தொட்ட விரலோடு திரும்பினேன். "ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"அன்னிக்கும் கிண்ணம் எங் கையிலதான இருந்துது. ஆஸ்பத்திரில கட்டுப் போட்ட அன்னிக்கே அக்கா வந்து சொன்னாங்க, எந் தம்பி பேர எங்கியும் சொல்லாதன்னு. எங்க அம்மாகிட்டகூட சொல்லல."

படத்துக்கு ஒரே ஒரு பொட்டு வைத்தேன். அதன் பிறகு அங்கே நிற்க முடியாமல் கொல்லைப்புறம் போய் அழுதேன்.

சேகரின் அம்மாவுக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. மலர் அவர் வீட்டுக்கும் போகும். படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சுவிட்சில் சந்தனம் வைத்தவன் நான். அன்று அவர் மண்ணை வாரித் தூற்றியது ஆள் மாறிப்போய்விட்டது. இப்போது வந்து தூற்ற வேண்டுமானால், நான் வீட்டில்தான் இருப்பேன்.