தீவுக்கு வந்த சிறுத்தை

போன வாரம் பம்பூ பிளாட் போகிற போட்டுக்காகப் போர்ட் பிளேர் ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற காலேஜ் பெண் தன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஆன்டி, தேக்கோ, இதப் பாருங்க, எவ்ளோ க்யூட்!" என்றாள். வீடியோவில், எந்த ஊர்க்காரனோ தெரியவில்லை, கழுத்தில் தடித்த சங்கிலி போட்ட ஒருவன் தன் வீட்டு சோபாவில் புலியோடு உட்கார்ந்திருந்தான். புலி அவன் தோளில் முகத்தைத் தேய்த்தது. அவன் அதன் நெற்றியில் முத்தம் கொடுத்தான். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் போட் வருகிற நேரத்தில் உபதேசம் பண்ணுகிற ஆன்டிகளை எனக்கே பிடிக்காது.

மழையில் நனைந்த ஜெட்டிக் கம்பியிலிருந்து துரு வாடை வந்தது. அதோடு கொஞ்சம் பினாயிலையும் சேர்த்துவிட்டால் அதுதான் என் முதல் வேலையின் வாடை.

போர்ட் பிளேரில் அப்போது ஒரு சின்ன மிருகக் காட்சிசாலை இருந்தது. பேர் வேண்டாம். அங்கே டிக்கெட் கிழிக்கிற தினக்கூலி வேலை எனக்கு. பல்லியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறுகிறவளுக்கு மிருகங்களோடு உத்தியோகமா என்று மரைன் ஹில் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சீசனில் டூரிஸ்ட் கூட்டம் நெரியும். மழைக்காலம் பிறந்தால் ஈ காக்கா எட்டிப் பார்க்காது. முதலை, புள்ளிமான், குரங்கு, கிளி, நான். இவ்வளவுதான். டூரிஸ்டுக்குப் பெரிதாக ஏதாவது காட்ட வேண்டும் என்று மேலே யாருக்கோ தோன்றி, மெயின்லேண்டிலிருந்து ஒரு பெண் சிறுத்தையைக் கப்பலில் வரவழைத்தார்கள். வெங்காய மூட்டைகளோடு தார்ப்பாய் போர்த்திய பெட்டியில் வந்து இறங்கியது. கடல் ஆட்டத்தில் மயங்கி, வந்த புதிதில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எங்கள் அந்தமான் காடுகளில் புலியும் கிடையாது, சிறுத்தையும் கிடையாது. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பயப்படக் கற்றுக்கொள்வது தண்ணீரைப் பார்த்துத்தான். ஓடையில் முதலை இருக்கும், காலைக் கழுவக்கூட இறங்காதே என்பார்கள். அப்புறம் பூரான், செருப்பை உதறாமல் போட மாட்டோம். நிலத்தில் நாலு காலில் நடக்கிற ஒன்று மனிதனைப் பிடிக்கும் என்பது எங்களுக்குச் செய்திதான், பயம் இல்லை. "படீ பில்லி ஹை" என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளைத் தடுப்புக்கு மேலே தூக்கிக் காட்டுவார்கள். பெரிய பூனையாம்.

அதைப் பார்த்துக்கொள்ள வந்தவர் செல்லமுத்து அண்ணன். நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. அப்பா அம்மா சிலோன் மலையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவருக்கும் தெரிந்த பெரிய மிருகம் காட்டுப் பன்றிதான். மகளின் படிப்புக்காக அவளைக் கூட்டிக்கொண்டு கோத்தகிரியில் சொந்தக்காரர்களிடம் போன மனைவி அங்கேயே தங்கிவிட்டார். முதலில் தினம் வந்த போன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றானது, பிறகு பண்டிகைக்கு மட்டும் என்றானது. சிறுத்தையை அவர் 'பேட்டி' என்று கூப்பிட ஆரம்பித்தது எப்போது என்று நான் கவனிக்கவில்லை. இந்தியில் மகள் என்று அர்த்தம்.

சாயங்காலம் கேட்டைச் சாத்துகிற நேரத்தில் அது குரல் கொடுக்கும். உறுமல் இல்லை, மரம் அறுக்கிற வாள் இழுபடுவதைப் போல, விட்டு விட்டு. இன்னொரு சிறுத்தை பதில் சொல்ல வேண்டிய குரலாம் அது. பதில் கேட்க ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டிப் போக வேண்டும். அண்ணன் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார். "கேட்டியா தங்கச்சி, இந்தப் புள்ளைக்கு இங்கின ஒரு நாதியில்ல" என்பார். எனக்கு வீட்டுக்குப் போகவே பிடிக்காது.

கறியைக் கீழே உள்ள இரும்புத் தட்டில் வைத்து நீளக் கொக்கியால் உள்ளே தள்ள வேண்டும், கம்பிக்குள் கை போகக் கூடாது. அதுதான் விதி. அண்ணனும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார், கப்பல் நின்றுபோன அந்த ஆனி மாதம் வரைக்கும்.

கப்பல் நிற்பது எங்களுக்குப் புதிதில்லை. கடல் கொந்தளித்தால் காய்கறி வராது, கோழித் தீவனம் வராது, கறிக்கடை மூடிவிடும். அப்போது தீவில் ஒரு வழக்கம் உண்டு. இருக்கிறதைப் பங்கு போட்டுக்கொள்வோம். எதிர்வீட்டு பெங்காலி அக்கா பூசணியில் பாதியை அறுத்துத் தருவார், நாங்கள் பருப்பு கொடுப்போம். யாரும் யாரிடமும் கேட்க மாட்டோம். சிறுத்தைக்கு வந்த கறியும் பாதியானது, பிறகு கால்வாசியானது. அண்ணன் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, பொரித்த சூரை மீனைக் கையாலேயே கம்பிக்குள் நீட்டினார். அவர் வளர்ந்த வீட்டில் பசித்தவருக்குக் கொக்கியால் யாரும் சோறு தள்ளியதில்லை.

"அண்ணே, வேணாம்ணே" என்றேன்.

"எங்கூட்ல தின்ன ஆளில்ல. இவளாச்சும் திங்கட்டுமே."

அது நாக்கால் மெதுவாக எடுத்துக்கொண்டது. சாப்பிட்டுவிட்டு விலாவைக் கம்பியில் உரசியபடி நின்றது. அவர் அதன் கழுத்தைச் சொறிந்தார். அத்தனை மாதத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. மறுபடி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கப்பல் வந்தது. கறியும் வந்தது, தட்டும் கொக்கியும் பழையபடி வந்தன. ஆனால் கை என்றால் மீன் என்று அது பழகிவிட்டிருந்தது. ஒரு காலையில் கழுத்தைச் சொறிய அவர் வெறுங்கையை உள்ளே விட்டார். நான் பார்க்கவில்லை, கேட்டேன். அலறல் இல்லை. "சோடோ பேட்டி, சோடோ, சோடோ" என்று கெஞ்சுகிற குரல். விடு மகளே, விடு. குழந்தையிடம் பேசுகிற அதே குரல். ஆட்கள் ஓடிவந்து இரும்பு வாளியை அடித்து, தண்ணீரைப் பீய்ச்சித்தான் விடுவித்தார்கள். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அதற்கு விரோதம் ஒன்றும் கிடையாது. அது சிறுத்தை, அவ்வளவுதான். மனிதக் கையைக் கடித்த மிருகத்தை வாங்கிக்கொள்ள மெயின்லேண்டில் எந்த இடமும் தயாராக இல்லை. ஆகவே உள் அறையில் அடைத்து, வெளி முற்றத்துக் கதவைப் பூட்டிவிட்டார்கள். மூன்று சுவருக்கும் ஒரு கம்பிக் கதவுக்கும் நடுவே அது சுற்றிக்கொண்டே இருந்தது. கொண்டுவந்தவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அண்ணனை என் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். கூண்டுப் பக்கம் போகக் கூடாது என்று கண்டிப்பு. ஒரு மத்தியானம் அவர், "ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துரட்டுமா?" என்று கேட்டார். நானும் கூடப் போனேன். தடுப்புக்கு வெளியே தள்ளி நின்று, "பேட்டி" என்றார். சுற்றிக்கொண்டிருந்தது நின்றது. கம்பிக்கு வந்தது. விலாவை உரசியது. அவர் கண் நிறைந்துவிட்டது.

அது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த கையைப் பார்த்தது.

அண்ணனும் அதைக் கண்டுகொண்டார். இடது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "வா தங்கச்சி, போலாம்" என்றார். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. அடுத்த மழைக்கு முன்னால் சிறுத்தை செத்துப்போனது. சாப்பிடாமல் செத்தது என்றார்கள். கூண்டைப் பிரித்து இரும்பை ஏலம் விட்டார்கள். அந்த இடத்தில் இப்போது டூரிஸ்ட் வண்டிகள் நிற்கின்றன.

அண்ணன் கோத்தகிரிக்குப் புறப்பட்டபோது ஹாடோ ஜெட்டி வரை வழியனுப்பப் போனேன். மகளுக்குக் கல்யாணம், அப்பா வந்து நிற்க வேண்டுமாம். ரொம்ப வருஷத்துக்கப்புறம் அவளைப் பார்க்கப் போகிறார். கப்பலில் ஏறுகிற வரிசையில் நின்றபடி, "கை போன விஷயத்த நான் அவகிட்ட சொல்லவே இல்ல தங்கச்சி. மூஞ்சியப் பாப்பாளா, கையப் பாப்பாளா?" என்று கேட்டார். பையை வாங்கி அவர் தோளில் மாட்டிவிட்டேன்.

போன பொங்கலுக்கு அவர் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் இந்தியில் சொன்னது. முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.